கோச்சுக்காக ஒரு வார்த்தை

மற்ற பெயின்ட் கடைகளில் கனமான டப்பாக்கள் தரையில் இருக்கும். அந்தக் கடையில் மட்டும் அவை இடுப்பு உயரத் தட்டில் இருந்தன. கடையைப் பார்த்துக்கொள்ளும் நெட்டைக்கு வலது முழங்கால் மடங்காது. குனிந்து தூக்க முடியாத மருமகனுக்காகத் தட்டுகளையே பிரித்து உயர்த்தி அடித்துக்கொடுத்தவர் அவனுடைய மாமனார். கடை அவருடையது. அந்த முழங்காலைக் கெடுத்த மனிதரை ஒருநாள் தவறாமல் திட்டித் தீர்ப்பவரும் அவர்தான்.

அந்த மனிதர் தெருக்கோடிக் கல்லூரியில் நெடுங்காலம் கூடைப்பந்து கோச்சாக இருந்தவர். அவர் காலத்தில் கல்லூரி மூன்று முறை கோப்பை வாங்கியது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இந்த வருடம் பயிற்சியின்போது ஒரு மாணவன் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த மாதமே கோச்சின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து கடையில் சாயங்காலப் பேச்சு முழுவதும் அவரைப் பற்றித்தான்.

கோச்சின் கட்சிக்குத் தலைவர், எல்லோரும் ஸ்கோர்போர்டு என்று கூப்பிடும் ஒருவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பந்தைத் தொட்டதில்லை. ஆனால் எந்த ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தன் கல்யாண நாள் மட்டும் மறந்துபோகும் என்பது அவர் மனைவியின் குறை. கோச் வருவதற்கு முன் அந்த மைதானத்துக்குப் புறாவைத் தவிர வேறு ரசிகர் கிடையாது என்பார் அவர். பிரஷ் கழுவ வரும் பெயின்டர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள். பெரிய கிளப் ஏதாவது கோச்சைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்பான் ஒருவன். வயதாகிவிட்டது, இனி செல்லாக்காசு என்பான் இன்னொருவன்.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்பார் ஸ்கோர்போர்டு.

"படுத்த யானையை எவன் வந்து தூக்குவான்?" என்பார் மாமனார். "கோப்பை காலேஜ் அலமாரியில இருக்கு. கால் என் வீட்டுல இருக்கு. அதையும் கணக்குல சேருங்க."

பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் நெட்டை தலையிடுவான். கோச் மேல் தப்பில்லை, படிக்கும் காலத்தில் இறுதி ஆட்டத்தில் வீங்கிய காலோடு ஆடியது தன் விருப்பம் என்பான். பாதிக்கப்பட்டவனே அப்படிச் சொல்லிவிட்டால் யார் என்ன பேச முடியும்? அவன் மனைவி மட்டும் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கமாட்டாள்.

ஒருநாள் ஸ்கோர்போர்டு முகமெல்லாம் பல்லாக வந்தார். பக்கத்து ஊர்க் கல்லூரி கோச்சைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறதாம். அநேகமாக முடிந்த மாதிரிதானாம். நெட்டைக்கு அன்று வேலையே ஓடவில்லை. இளம்பச்சை கேட்டவருக்கு நீலத்தைக் கலந்து கொடுத்துவிட்டு மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒரு முற்பகலில் உயரமான ஒரு பெண் கடைக்குள் வந்தாள். பக்கத்து ஊர்க் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை. ஒருகாலத்தில் அவளும் ஆடியவள். விசாரித்துக்கொள்ள யார் பெயரையாவது கொடுங்கள் என்று கோச்சிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரே ஒரு பெயரைத்தான் கொடுத்தாராம். நெட்டையைக் கேளுங்கள், நான் யார் என்று அவன் சொல்வான் என்றாராம்.

நெட்டை நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தான். இடது கையால் பந்து போடப் பழக்கியது அவர். அப்பா இறந்தபோது வாசலில் வந்து நின்ற முதல் ஆள் அவர். கூச்சத்தில் வாய் திறக்காமல் இருந்தவனை நாலு பேர் முன்னால் பேசவைத்தவர் அவர். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்கா. எட்டாவது படிக்கிறா. ஆடவும் செய்றா."

"காலேஜ் போனதும் அவர்கிட்ட அனுப்புவீங்களா?"

அவன் ஆமாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தான். பில் எழுதிக்கொண்டிருந்த மனைவியின் பேனா நின்றது. தெருவில் ஏதோ வண்டி வெகுநேரம் ஹாரன் அடித்தது.

"மாட்டேன்" என்றான்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மனைவி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. எவனோ குழி பறித்துவிட்டான், அவன் யாரென்று தெரிந்தாகவேண்டும் என்று ஸ்கோர்போர்டு கடையில் நின்று கத்தினார். பெயின்டர்கள் நிர்வாகத்திலிருந்து மயங்கி விழுந்த மாணவன்வரை ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார்கள். நெட்டை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான்தான் அண்ணே" என்றான்.

மாமனாரே திடுக்கிட்டுப்போனார். ஸ்கோர்போர்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனவர், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

வந்தது கோச். ஒரு மதிய வேளை, கடையில் கூட்டமில்லை. எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை போடுகிறவர் அன்று சவரம்கூடச் செய்திருக்கவில்லை. நெட்டை எழுந்து நின்றான். அவர் உட்காரச் சொல்லும்வரை அவனுக்கு உட்காரத் தோன்றவில்லை.

அவன் என்ன சொன்னான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கோபமாக வந்தவர்தான். ஆனால் அவன் காலை நீட்டி உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றார். இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் டாக்டர், இந்தப் பையன் இனி ஆடினால் கால் போய்விடும் என்று தன்னிடம் சொன்னதாகவும், அதை அவனிடம் மறைத்துவிட்டதாகவும் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தெரியும் சார்."

"எப்போ தெரியும்?"

"அப்பவே. டாக்டர் உங்ககிட்ட சொன்னது, திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்குக் கேட்டுச்சு."

கோச்சின் முகம் வெளிறியது. "தெரிஞ்சுமா ஆடினே? ஏன்டா?"

"ஆடுறியான்னு நீங்க கேட்டீங்களே சார்."

கோச் அவன் காலைப் பார்த்தார். பிறகு நெட்டைதான் மெதுவாகச் சொன்னான். "உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல சார். இருந்திருந்தா அன்னிக்கே மாட்டேன்னிருப்பேன். நீங்க கேட்டா எந்தப் பிள்ளையும் முடியாதுன்னு சொல்லாது. என் பொண்ணும் சொல்ல மாட்டா. அந்தப் பயத்துலதான்…"

கோச் எழுந்தார். ஏதோ சொல்லப்போகிறவர்போல நின்றார். அவன் தோளில் கை வைக்க வந்து, வைக்காமலேயே கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நெட்டை அழுதான். வாங்க வந்த ஆளிடம் மனைவி, பெயின்ட் இன்னும் கொஞ்சம் கலக்கவேண்டும், பத்து நிமிஷம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

அதன் பிறகு எந்தக் கல்லூரியும் கோச்சைக் கூப்பிடவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கை இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். பெயின்டர்கள் கொஞ்சநாள் விவாதம் செய்தார்கள். எதிர்த்துப் பேச ஸ்கோர்போர்டு இல்லாததால் அதுவும் தேய்ந்துபோயிற்று. மாமனாரும் திட்டுவதை விட்டுவிட்டார்.

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் ஸ்கோர்போர்டு மறுபடி வந்தார். உள்ளே வராமல் படியிலேயே நின்றார். அந்த ஊருக்குப் போய்க் கோச்சைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே பூங்காவில் சின்னப் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்களாம். பந்து உருண்டு கோச்சின் காலடிக்கு வந்ததாம். வாங்க தாத்தா, ஒரு தடவை போடுங்க என்று ஒரு குழந்தை கூப்பிட்டதாம்.

"எடுத்துக் கையில கொடுத்துட்டாரு தம்பி. எனக்கு இந்த ஆட்டம் தெரியாதும்மான்னு சொன்னாரு."

சொல்லி முடித்த பிறகும் ஸ்கோர்போர்டு படியைவிட்டு இறங்கவில்லை. காயப்படுத்துவதற்காக வந்தாரா, தாங்கமுடியாமல் வந்தாரா என்று நெட்டைக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

"உள்ள வாங்கண்ணே" என்றான். "ஈரத்துல நிக்காதீங்க."