மன்றாட்டுப் பெட்டிக்குள் போன பட்டியல்

பிழை என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குருநகரில் இந்தக் கதையை எனக்கு முன்பே பத்துப்பேர் பத்து விதமாகச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கோயிலில் அந்தோனியார் நவநாள். வேண்டுதலைப் பெயர் போடாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதி, வாசலில் இருக்கும் மன்றாட்டுப் பெட்டிக்குள் போடவேண்டும். பூசைக்கு முன்னர் பாடகர் குழுப் பிள்ளை ஒருத்தி ஒவ்வொன்றாக ஒலிவாங்கியில் வாசிப்பாள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் சொல்லும். மகள் லவீனாவின் சுகப்பிரசவத்துக்காக நான் எழுதிய துண்டு, செபப்புத்தகத்துக்குள் நாலாக மடித்து இருந்தது. அதே புத்தகத்துக்குள், அதே மாதிரி நாலாக மடித்து, என் பட்டியலும் இருந்தது. அவசரத்தில் பட்டியலைப் போட்டுவிட்டேன்.

பட்டியல் என்றால், ஐம்பது வயதுக்குள் செய்து முடிக்க நினைத்த காரியங்கள். என் நாற்பத்தைந்தாவது பிறந்தநாளன்று லவீனாதான் எழுதச் சொன்னாள். "ஊர்ப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறியள், அப்பாவுக்குச் சமைக்கிறியள், உங்களுக்கெண்டு ஒண்டும் இல்லையே அம்மா?" என்று கேட்டாள். முதலில் கோபம் வந்தது. பிறகு எழுதினேன். நான் முன்பள்ளி ஆசிரியை, எதையும் பதிந்து வைத்தே பழகியவள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நிலவரம் எழுதுவேன். நான் மட்டும் பார்ப்பதுதானே என்று உள்ளதை உள்ளபடி எழுதுவேன்.

அன்றைக்கு வாசித்தவள் ஜெசிதா. என் முன்பள்ளியில் படித்த பிள்ளைதான். தாளில் இருப்பதை அப்படியே வாசிக்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

"நீந்தப் பழகுதல். பாதி. மூக்குக்குள் தண்ணீர் போகிறது."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சனம், பழக்க தோசத்தில்.

எனக்கு உச்சந்தலை சுட்டது. எழும்பினால் யாரென்று தெரிந்துவிடும். உட்கார்ந்திருந்த வாங்கிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

"ஸ்கூட்டி லைசன்ஸ் எடுத்தல். சரி. மூன்றாம் தரம்தான் பாஸ்."

அதோடு முழுக்கோயிலுக்கும் விளங்கிவிட்டது. நாற்பத்தேழு வயதில் எல் பலகை கட்டிக்கொண்டு கடற்கரை வீதியில் ஓடித் திரிந்தவள் நான் ஒருத்திதான். முன் வாங்கில் தோள்கள் குலுங்கின.

"பிலிப்பு வெற்றிலையை விடுதல். கைவிட்டாச்சு."

ஆண்கள் பக்கத்தில் இருந்த என் மனுசன் குனிந்தவர் நிமிரவில்லை. சனம் சிரித்துக்கொண்டே மன்றாடியது. அடுத்த வரி என்னவென்று எனக்குத் தெரியும். மாதாவே, கரண்ட் போகட்டும் என்று வேண்டினேன். போகவில்லை.

"மெற்றில்டா அக்காவோடு..." ஜெசிதாவின் குரல் தடக்கியது. ஆனாலும் வாசித்தாள். "மெற்றில்டா அக்காவோடு கதைத்தல். பிறகு பாப்பம்."

ஒருவரும் மன்றாடவில்லை. ஜெசிதா துண்டை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். என் கூடப்பிறந்த மெற்றில்டா அக்கா மூன்றாவது வாங்கில் இருந்தாள். நான் எப்போதும் எட்டாவது. ஒன்பது வருடமாக அவளுடைய முதுகைத்தான் பார்த்து வருகிறேன். அந்த முதுகு அசையவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அம்மா செத்தபோது நான் கொழும்பில் முன்பள்ளிப் பயிற்சியில் இருந்தேன். உடனே பஸ் ஏறினேன். வவுனியாவில் பஸ் பழுதாகி மூன்று மணித்தியாலம் தெருவில் நின்றோம். வந்து சேர்ந்தபோது அக்கா சவப்பெட்டியை மூட வைத்து, சேமக்காலைக்குக் கொண்டுபோய், குழிக்குள் இறக்கியும் விட்டிருந்தாள். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. மண் போட்டுவிட்டு வந்த நான், அதற்குப் பிறகு அக்காவோடு கதைக்கவில்லை.

பூசை முடிந்ததும் பக்கக் கதவால் நழுவினேன். என் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் அக்கா நின்றாள்.

"பிறகு எண்டால் எப்பயடி?"

அதைவிட நல்ல பதில் எத்தனையோ இருக்க, என் வாயில் வந்தது இதுதான்: "நீ ஏன் பெட்டியை மூடினனீ?"

"சனம் வெயிலுக்கை நிண்டது. சுவாமியாருக்கு வேறை பூசை இருந்தது. மூடச் சொன்னது நான்தான். இன்னும் கொஞ்சம் பாத்திருக்கலாம். பிழைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை." அவள் ஸ்கூட்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள். "ஆனால் அம்மா சாகிறதுக்கு ஒரு கிழமை முதல் நான் போன் எடுத்தனான். அம்மா உன்னைக் கேக்கிறா, ஒருக்கால் வந்து பார் எண்டனான். நீ என்ன சொன்னனீ?"

பஸ் பழுதான கதையை இந்த ஒன்பது வருடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அந்த போன் கதையை ஒருவருக்கும் சொன்னதில்லை. பிலிப்புவுக்குக்கூட.

"பயிற்சிச் சோதினை இருக்கு..." என்று தொடங்கினேன்.

"சோதினை இருக்கு, பிறகு பாப்பம் எண்டனீ. இண்டைக்கும் அதையேதான் வாசிச்சுக் கேட்டனான்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என்மேல் வரவேண்டிய கோபத்தையெல்லாம் அவள் தலையில் கட்டிவிட்டு, நல்லவள் மாதிரி எட்டாவது வாங்கில் இருந்திருக்கிறேன். அழுதேன். கோயில் முற்றத்தில் அரைவாசிச் சனம் நின்று பார்த்தது, அதற்கும் சேர்த்து அழுதேன்.

அக்கா, "வியாழக்கிழமை சேமக்காலைக்குப் போறன். அம்மான்ரை கல்லறைக்கு வெள்ளை அடிக்கவேணும். வாறதெண்டால் வா" என்றாள்.

வியாழக்கிழமை முன்பள்ளியில் பெற்றோர் கூட்டம். 'பிறகு' என்ற சொல் என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இப்பவே போவம். இன்னும் இருளேல்லை. ஏறு."

"இதிலையோ? லைசன்ஸ் இருக்கே?"

"கோயில் முழுக்கக் கேக்க ஜெசிதா வாசிச்சவள்தானே."

"மூண்டாம் தரம் எண்டும் வாசிச்சவள்" என்றபடி அக்கா பின்னால் ஏறி, என் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள்.

சேமக்காலையில் அம்மாவின் கல்லறைக்கு நான் தனியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அக்கா வராத நேரமாகப் பார்த்து. அன்றைக்கு அவள் முன்னால் நடந்தாள். கல்லறையில் கிடந்த சருகைக் கையால் ஒதுக்கினாள். பிறகு என்னைத் தோளில் பிடித்து முன்னுக்குத் தள்ளிவிட்டு, "அம்மா, இவளைக் கேட்டுக்கொண்டிருந்தியளே, வந்திட்டாள்" என்றாள்.