கார்டு மூடியைத் திறந்து காட்டவும்

என் தங்கை மெஹக்கின் நிக்காஹ்வுக்கு நான்தான் போட்டோகிராபர். அந்தக் கல்யாணத்தில் நான் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கேமராவில் போட்டிருந்தது ஒரே மெமரி கார்டு. வீட்டுக்கு வருவதற்குள் அது செத்துப்போயிருந்தது. யாரோ செல்போனில் எடுத்த படம் ஒன்றுதான் மிச்சம். அதிலும் மெஹக்கின் பாதி முகத்தை பிரியாணி தேக்சா மறைத்திருக்கிறது. மெஹக் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் சஃபீனா. தாராவியில் இருக்கிறேன். கல்யாணங்களில் பெண்கள் பக்கம் மட்டும் படம் எடுப்பவள். இனி இரண்டு கார்டு போடுகிற கேமரா இல்லாமல் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஒன்று செத்தாலும் அதே படம் இன்னொன்றில் இருக்கும். நான் பார்த்து வைத்திருந்த கேமராவில் பழைய மாடலுக்கு ஒரு கார்டு, புது மாடலுக்கு இரண்டு. பெயர் இரண்டுக்கும் ஒன்றே. புதியதற்கு மட்டும் பெயரின் கடைசியில் சின்னதாக இரண்டு கோடு.

ஆன்லைனில் தேடினால் எல்லாமே புது மாடல். ஒருவர் ‘நியூ’ என்று போட்டால் பெட்டியைப் பிரிக்கவில்லை என்று அர்த்தம். இன்னொருவர் போட்டால் அவருடைய கடை புதிது என்று அர்த்தம். ‘இந்த வருட எடிஷன்’ என்றால் இந்த வருடம் விற்கிறார், அவ்வளவுதான். தலைப்பில் இரண்டு கோடு போட்டிருந்த ஒன்றை ஆர்டர் செய்தேன். வந்தது. கார்டு மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு கார்டுக்குத்தான் இடம்.

என் கணவர் அல்தாப் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“அரே, நாங்களும் ஜிப்ப மாத்திட்டு நியூ மாடல்னுதான அனுப்புதோம்.”

“இதுல ஜிப்புகூட மாத்தல.”

“அப்போ ரிட்டர்ன் போடு. லேபிளப் பாத்து வாங்காத. உள்ள என்ன இருக்குன்னு கேளு.”

கட்டின புருஷன் சொல்வது சரியாக இருந்தால் ஒரு எரிச்சல் வருமே, அந்த எரிச்சலோடு ரிட்டர்ன் போட்டேன். பிறகு பதினொரு கடைக்காரர்களுக்கு ஒரே செய்தி அனுப்பினேன்: ‘கார்டு மூடியைத் திறந்து காட்டவும்.’ எட்டுப் பேர் பதிலே போடவில்லை. இரண்டு பேர், ‘டியர் கஸ்டமர், இது புது மாடல்’ என்றார்கள். உல்லாஸ்நகர்க்காரர் ஒருவர் மட்டும் திறந்து படம் எடுத்து அனுப்பினார். இரண்டு கார்டுக்கு இடம் இருந்தது. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இரண்டு கோடு இருந்தது. வாங்கிவிட்டேன்.

அதை வைத்து முதல் வேலை கோபர்கைரனேயில், சாயிமா என்ற பெண்ணின் கல்யாணம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் உம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். வீட்டுப் பெண்களின் படம் வெளியாள் வீட்டுக்குப் போகக் கூடாது. இவ்வளவு ஆராய்ச்சி செய்தவளுக்கு, இன்னொரு கார்டு என்னிடமே தங்கிவிடும் என்பது மட்டும் தோன்றவில்லை. பழக்க தோஷத்தில் சாயிமாவின் உம்மா ஹாஃபிஸா மாமியிடம் ஒரு கார்டை நீட்டினேன். மாமி கேமராவைப் பார்த்தார்.

“இது பழைய மாடலா, புது மாடலா?”

“புதுசு, மாமி.”

“புதுசுல ரெண்டு கார்டாமே. யூடியூப்ல பாத்தேன். மூடியத் தொறந்து காட்டு.”

திறந்து காட்டினேன். மாமி இரண்டாவது கார்டைத் தானே உருவி, இரண்டையும் ஒரே பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“அடுத்த தடவ பழைய மாடலக் கொண்டா. அதுதான் பக்கா.”

ஒரு பர்ஸில் கிடக்கும் இரண்டு கார்டு ஒரு கார்டுக்குத்தான் சமம். பயம் பிடித்துக்கொண்டது. மெஹக்கின் கதையைப் பிரியாணி தேக்சா உட்பட சொன்னேன். வேலைக்கு வந்த இடத்தில் அழுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அழுதேன்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம், மாமி. ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும், ஒண்ண சாயிமாகிட்ட குடுத்துருங்க.”

மாமி யோசித்தார். பிறகு பர்ஸைத் திறந்து, ஒரு கார்டை எடுத்து மகள் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

பத்து நாள் கழித்து மாமி போன் செய்தார்.

“பர்ஸு வாஷிங் மெஷின்ல போயிட்டும்மா. கார்டு ரெண்டா ஒடஞ்சு கெடக்கு.”

“சாயிமாகிட்ட இருக்கது?”

“அதத்தான் டிவில போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கோம். அடுத்த மாசம் விக்ரோலில என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். பழைய மாடலத் தூக்கிட்டு வந்துராத.”

சந்தோஷம் தாங்கவில்லை. உடனே மெஹக்குக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“அப்போ எனக்கு மட்டும் பழைய மாடல்ல எடுத்திருக்க, லாத்தா.”

அதன் பிறகு இருபது நிமிடம் திட்டினாள். நான் போனை வைக்கவே இல்லை.