நான்கு நாள் எங்கே போகிறது

ஆறு போர்டு கொண்ட ஓர் ஆர்டரை முடிக்க ஒன்பது நாள் போதும். ஆனால் குப்புசாமி ஆர்ட்ஸில் அதற்குப் பதின்மூன்று நாள் ஆயிற்று. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். நடுவில் அந்த நான்கு நாள் எங்கே போகிறது என்பது கமலாட்சிக்குப் பிடிபடவே இல்லை.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். முதல் நாள் தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். அடுத்த இரண்டு நாளும் அடி வண்ணம், நாளுக்கு ஒரு பூச்சு. பிறகு போர்டின் தலைப்பக்கத்தில் வட்டத்துக்குள் காமாட்சியம்மன். ஒரு நாளைக்கு மூன்று முகம் வீதம் இரண்டு நாள். ஆறாம் நாள் எழுத்து. ஏழாம் நாள் எழுத்துக்கு நிழல். எட்டாம் நாள் வார்னிஷ், ஒன்பதாம் நாள் காய விட்டு எடுத்துவிடலாம். எப்படிக் கூட்டினாலும் ஒன்பதுக்கு மேல் வரவில்லை.

கடையில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. சாமி வரைவது அவள் கணவன் குப்புசாமி. எழுத்தும் நிழலும் இளங்கோவன். அவன் வெற்றிலை போடக்கூட வெளியே போவதில்லை. ஆர்டர் பிடிப்பது, பென்சில் மாதிரியைக் கடைக்காரர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்குவது, எந்தத் தகரம் இன்று யார் கைக்குப் போக வேண்டும் என்று சீட்டு எழுதி ஆணியில் குத்துவது, தேதி சொல்வது எல்லாம் கமலாட்சி. சொன்ன தேதி தவறியபின் போய்த் தலைகுனிந்து நிற்பதும் அவள்தான்.

இந்த முறை அப்படி நிற்க முடியாது. காந்தி ரோட்டுப் பட்டுக்கடையின் மேனேஜர் சீனிவாசன் தெளிவாகச் சொல்லியிருந்தார். வெளியூர் ஏஜெண்டுகளின் கடைகளுக்கு ஆறு போர்டு. பன்னிரண்டாம் நாள் சேலை மூட்டைகளோடு லாரி கிளம்பும். போர்டும் அதில் ஏற வேண்டும்.

"இந்த லாரியும் தவறிச்சின்னா மெட்ராஸ்ல பிளாஸ்டிக் எழுத்து போடறான் பாரு, அவன்கிட்ட குடுத்துடுவேம்மா. அப்புறம் என்னக் கோவிச்சுக்கக் கூடாது" என்றார். சினிமா கொட்டகைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் போன வருஷமே விலகிவிட்டார்கள். எழுபத்திரண்டாம் வருஷத்தின் அந்த ஆவணியில் குப்புசாமி ஆர்ட்ஸைப் பிடித்து நிறுத்தியிருந்தது இந்த ஒரு பட்டுக்கடைதான்.

தகரங்கள் வருவதற்கு முன்பே கமலாட்சி ஒரு காரியம் செய்தாள். கையிலிருந்த பழைய ஆர்டரில் ஆட்களைக் கவனிப்பதை விட்டுவிட்டு, ஒரே ஒரு தகரத்தின் பின்னாலேயே போனாள். அது எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்று பார்த்தாள். ஆட்களைப் பார்த்தால் எல்லோரும் வேலையில் இருப்பது தெரியும். தகரத்தைப் பார்த்தால்தான் அது சும்மா நிற்பது தெரியும்.

அது சுவரில் நின்றது.

மற்ற ஆர்ட்டிஸ்டுகள் சாமியின் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். குப்புசாமி முதலில் திறப்பான். விடியலில் குளித்து, கற்பூரம் ஏற்றி, வெறும் வட்டத்துக்குள் இரண்டு கண்ணை மட்டும் எழுதுவான். அந்தக் கண்ணிலிருந்து மூக்கு இறங்கும், கன்னம் விரியும். கண் திறந்த அம்மனைத் தரையில் கிடத்தக் கூடாது. தறிக்கூடமாக இருந்த அந்த ஒடுங்கிய அறையில், தரையில் கிடப்பதைத் தாண்டாமல் யாரும் நடக்க முடியாது. அதனால் போர்டு சுவரில் ஏறிவிடும். வெளிச்சம் விழும் சுவரோ மூன்று போர்டுதான் கொள்ளும். நின்ற தகரத்தில் பெயிண்டைத் திக்காக வைத்தால் வழியும். ஆகவே இளங்கோவன் எழுத்தை இளக்கமாக ஒரு தரம் எழுதி, ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் அதன்மேலேயே மறுபடி எழுதுவான். மூன்றாம் நாள் நிழல். அந்த மூன்று காய்ந்து இறங்கினால்தான் அடுத்த மூன்று ஏறும். மூன்றும் மூன்றும் ஆறு நாள். தரையில் கிடத்தி எழுதினால் ஆறு போர்டுக்கும் ஒரு நாள் எழுத்து, ஒரு நாள் நிழல், அவ்வளவுதான். காணாமல் போன நான்கு நாளும் அங்கே இருந்தது. பதினோரு வருஷமாக அவள் கண்ணெதிரிலேயே சுவரில் தொங்கியிருக்கிறது.

அன்று மத்தியானம் சோறு போடும்போது கணவனிடம் சொன்னாள்.

"இந்த ஆறுல மட்டும் கண்ணக் கடைசியா வெச்சுக்கங்களேன். எழுத்து, வார்னிஷ் எல்லாம் முடிஞ்சப்புறம் தொறங்க."

"கண்ணு இல்லாம மூஞ்சி எங்கேர்ந்து வரும், கமலா?"

இளங்கோவன் சாப்பிட்டுக்கொண்டே இடையில் புகுந்தான். "அண்ணே, நின்னு நின்னு எழுதி எனக்கு இடுப்பே வுட்டுப்போச்சு. ஆத்தாவும் ரெண்டு நாளு கண்ண மூடிக்கினு படுத்திருக்கட்டுமே."

குப்புசாமி சிரித்துவிட்டான். சரி என்றான்.

முதல் மூன்று நாள் கணக்குப்படியே நடந்தது. ஆறு தகரமும் மெரூன் நிறத்தில் பளபளத்தன. நான்காம் நாள் காலை குப்புசாமி கண்ணை விட்டுவிட்டு நெற்றியிலிருந்து ஆரம்பித்தான். உச்சிக்குள் மூன்று முகம் வந்தது. மூன்றும் வெவ்வேறு பெண்களைப்போல இருந்தன, ஒன்றுகூட அம்மன் இல்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான். ஐந்தாம் நாளும் துடைத்தான். ஆறாம் நாள் கமலாட்சி எட்டிப் பார்த்தபோது, கண் வர வேண்டிய இடத்தில் விரலை வைத்து அளந்தபடியே உட்கார்ந்திருந்தான். தகரத்தில் அம்மன் முகம் கழுத்துக்கு மேல் எங்கோ விலகிக் கிடந்தது. இருபது வருஷமாகத் தூங்கி எழுந்ததும் அவன் வரைந்த முகம். அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்பது அந்த முதுகைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

லாரிக்கு ஆறு நாள் இருந்தது. பழைய வழக்கப்படி கண்ணிலிருந்து ஆரம்பித்தால் இன்னும் பத்து நாள் வேண்டும். நான்கு நாள் தவணை கேட்பதற்காகக் கமலாட்சி காந்தி ரோட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே போனாள். கண் முதலில் வருவது, தகரம் நிற்பது, பெயிண்ட் வழிவது எல்லாவற்றையும் புரியும்படி சொல்லிவிட்டால் மனுஷர் ஒப்புக்கொள்வார் என்று நினைத்தாள்.

சீனிவாசன் பாதி கேட்டதுமே கையை உயர்த்தினார்.

"இதுக்காம்மா இவ்ளோ கஷ்டப்படறே? கோயமுத்தூர்ல எவன் அண்ணாந்து சாமியப் பாக்கப் போறான்? அத எடுத்துடு. அந்த எடத்துல கடை பேரப் பெருசா போடு. இனிமே எல்லா போர்டுக்கும் அப்படியே இருக்கட்டும்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. உதவி செய்கிற முகத்தோடு சொன்னார். காபி வரவழைத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது குப்புசாமி பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக் கழற்றியதும் கேட்டான்.

"நாலு நாளு குடுத்தாரா?"

"சாமி வேணாம்னுட்டாரு. இனிமே எதுலயும் வேணாமாம்."

"அவரா சொன்னாரா, நீ கேட்டியா?"

"அவராத்தான் சொன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன்."

அவன் பிரஷ் முனையிலிருந்த மண்ணெண்ணெயை விரலால் வழித்தெடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாவற்றையும் டப்பாவில் தலைகீழாகப் போடாமல் சரியாக நிமிர்த்தி வைத்தான். பிறகு மூலையிலிருந்து உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, அடுத்த ஆர்டருக்கென்று வந்திருந்த புதுத் தகரத்தின் முன்னால் குந்தித் தேய்க்க ஆரம்பித்தான். அது கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிற வேலை. இளங்கோவன் எழுந்து வந்து, "குடுண்ணே, நான் தேய்க்கறேன்" என்றான். குப்புசாமி தகரத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டான்.

கமலாட்சி புதுச் சீட்டு ஒன்றை எடுத்துப் பென்சிலால் எழுதி ஆணியில் குத்தினாள். நாளைக்கு மண்ணெண்ணெய் பட்ட இடத்தில் அடி வண்ணம் ஒரு பூச்சு. அதற்கு மறுநாள் ஆறு தகரத்தையும் தரையில் கிடத்தி எழுத்து, அடுத்த நாள் நிழல், அடுத்த நாள் வார்னிஷ், அடுத்த நாள் காய விடுவது. ஆக ஐந்து நாள். லாரிக்கு ஒரு நாள் மிச்சம்.