யாரிடம் துக்கம் கேட்பது?

பெயின்டர் காலையிலிருந்து ஒரே கார்க் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பள்ளம் நிரப்பப் பூசிய பட்டியெல்லாம் உதிர்ந்து தகரம் பல்லிளித்தது. அவர் கை நிற்கவில்லை.

பக்கத்து வண்டியில் நசுங்கலை எடுத்துக்கொண்டிருந்த டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தார். பெயின்டரோடு பல வருடமாக ஒரே வீட்டில் வாழ்ந்த எலெக்ட்ரீஷியன் நேற்று மாரடைப்பில் போய்விட்டார். அவர்கள் வெறும் நண்பர்கள் இல்லை என்று பட்டறைக்கே தெரியும். தெரிந்ததை வைத்து எத்தனையோ நாள் சிரித்திருக்கிறார்கள். டிங்கரும் சேர்ந்துதான்.

“முதலாளி, மத்தியானம் எடுக்கறாங்களாம். போயிட்டு வந்துடறேன்” என்றார் பெயின்டர்.

“ஏன்யா, கூடக் குடியிருந்தவனுக்கெல்லாம் லீவா? செத்தது என்ன உன் பொண்டாட்டியா?” முதலாளி பக்கத்திலிருந்த மெக்கானிக்கைப் பார்த்துக் கண்ணடித்தார். “அவன் அண்ணன் வந்தாச்சுல்ல, எல்லாம் அவர் பாத்துப்பாரு. சாயங்காலம் வண்டி டெலிவரி.”

டிங்கருக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் அவர் மனைவி இறந்தபோது, இதே முதலாளி பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எழுந்திரு, போலாம்” என்றார் பெயின்டரிடம். “டெலிவரிய நாளைக்குத் தள்ளுங்க முதலாளி.”

சாவு வீட்டு வாசலில் இறந்தவரின் அண்ணன் நின்றிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவர் கையைப் பிடித்துவிட்டு உள்ளே போனார்கள். பெயின்டரைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

“சொந்தக்காரங்க இருக்காங்க. மானத்த வாங்காத. வெளியவே நில்லு.”

பெயின்டர் தன் வீட்டு வாசலிலேயே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில் நின்றுவிட்டார்.

டிங்கர் அண்ணனிடம் போகவில்லை. திரும்பிப் பெயின்டரின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். விரலிடுக்கில் பட்டித்தூள் இருந்தது. பெயின்டர் வாய்விட்டு அழுதார்.

“யோவ், செத்தது என் தம்பிய்யா!”

“இல்லன்னு யாருங்க சொன்னா? உங்களுக்குத் தம்பி. இவருக்குத் துணை. அது போனா வீடு எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும்” என்றார் டிங்கர். குரலை உயர்த்தவில்லை, அதற்குத் தெம்பும் இல்லை. “நானும் இவங்களப் பாத்துச் சிரிச்சவன்தான். யார் யாரோட வாழணும்னு முடிவு பண்ண நாம யாருங்க? உங்களுக்குப் பிடிக்கலைன்னா இருக்கட்டும். அழ வந்தவர வாசல்ல நிறுத்தாதீங்க.”

அண்ணன் பெயின்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் ஒதுங்கி நின்றார்.

பெயின்டர் உள்ளே போனார்.