காஷ்தலியின் இரண்டாம் பதிப்பு

லைலி பேகத்தின் மூன்றாவது நாவல் விற்பனைக்கு வந்த பதினோராம் நாள், ஜமுனா ஆற்றின் நடுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஒரு மலை எழுந்து நின்றது. அதோடு காஷ்தலி கிராமமும் எழுந்தது. கிராமம் பழையது, ஏழு வருடம் முன்பு வெள்ளம் தின்று முடித்தது. மலை மட்டும் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதை டாக்காவில் ஓர் ஓவியர் சேர்த்திருந்தார்.

நாங்கள் ஆற்றுத்திட்டுக்காரர்கள். ஜமுனா மணலைக் குவித்துத் திட்டு போடும். நாங்கள் போய் நிலக்கடலையும் மிளகாயும் போடுவோம். சில வருடத்தில் அதுவே அந்தத் திட்டைக் கடித்துத் தின்னும். நாங்கள் தகர வீட்டைக் கழற்றிப் படகில் ஏற்றுவோம். பதினெட்டு வயதுக்குள் லைலி ஒன்பது வீடு மாறினாள். ஒன்பதும் ஒரே வீடுதான், தகரங்களுக்குச் சாக்பீஸால் எண் போட்டிருக்கும். காஷ்தலி போன பிறகு நூற்று நாற்பத்தாறு குடும்பங்களும் கரைமேட்டில் குந்தின. அது அரசாங்க மண். வேலி போட முடியாது, மரம் வைக்க முடியாது, செத்தால் புதைக்க இடம் கேட்டு அலைய வேண்டும். அங்கே ஆண்கள் ஒரே விஷயத்துக்காகச் சண்டை போட்டார்கள்: மூழ்கிய ஊரில் யாருடைய கொய்யா மரம் யாருடைய வேலியிலிருந்து எத்தனை முழம் தள்ளி நின்றது என்பதற்காக. பட்டாக்கள் பெட்டியோடு தண்ணீரில் போயிருந்தன. லைலி பொக்ரா கல்லூரியில் பி.ஏ. படித்துவிட்டு வந்தவள், அவள் வம்சத்தில் முதல் பட்டம். குமாஸ்தா வேலைக்குப் போவாள் என்று எல்லோரும் காத்திருக்க, அவள் இந்தச் சண்டைகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். உங்கள் கற்பனையின் ஊற்று எது என்று பிற்பாடு நிருபர்கள் கேட்டபோது இதைத்தான் சொன்னாள். அவர்கள் "இயற்கையின் மடியில் மலர்ந்தவர்" என்று போட்டார்கள். வெள்ளத்தில் ஆட்டைத் தலையில் சுமந்து நின்றவளுக்கு மடியாம், மலராம்.

அவள் எழுதியது பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான மாயக்கதைகள். டாக்காவின் பங்களாபஜாரில் புத்தகக் கடை வைத்திருந்த இம்தாத் அவற்றைப் பதிப்பித்தார். அரண்மனை வேண்டும் என்று அவர் கேட்டதால் முதல் நாவலில் அரண்மனை வைத்தாள். அவள் அரண்மனையைப் பார்த்ததில்லை, அது படித்த நாற்பது பேருக்கும் தெரிந்தது. இரண்டாவதில் டிராகன் கேட்டார். அது இன்னும் மோசம். விற்காத பிரதிகள் படகில் திரும்பி வந்தன. லைலியின் அம்மா கோஹினூர் அவற்றை அடுக்கி, ஆட்டுக்குட்டிகள் நனையாமல் படுக்க மேடை கட்டினாள்.

மூன்றாவதை லைலி கோபத்தில் எழுதினாள். அந்தப் பனிக்காலத்தில், ஆற்றில் எழும் திட்டுகளையெல்லாம் வளைத்துப்போடும் மொத்தாஹர் மியா கரைமேட்டுக்கு வந்து, காஷ்தலி எழும் காலம் வந்தால் அது தன்னுடையது, தன்னிடம் காகிதம் இருக்கிறது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து அறிவித்திருந்தார். மூழ்கிய நிலம் மறுபடி எழுந்தால் பழைய உடைமைக்காரருக்கே என்பது சட்டம். ஆனால் அதே நிலம்தான் என்று காட்டக் காகிதம் வேண்டும். எங்களிடம் இருந்தது சண்டை மட்டும். லைலி நாற்பத்தொரு நாளில் நாவலை முடித்தாள். ஆற்றடியில் ஓர் ஊர் அப்படியே வாழ்கிறது. மீன்கள் தெருவில் நடக்கின்றன. ஒரு பெண் அந்த ஊரைத் தோளில் சுமந்து மேலே கொண்டுவருகிறாள். அரண்மனை கிடையாது. இம்தாத் ஒரே மூச்சில் படித்துவிட்டுத் தொலைபேசியில் வரைபடம் கேட்டார்.

"மாயக்கதைன்னா முதல் பக்கத்துல வரைபடம் இருக்கணும்மா. இல்லன்னா பிள்ளைங்க தொடாதுங்க."

அவள் நோட்டுகளைப் பரப்பி வைத்து, கரைமேட்டிலிருந்து ஆளாளுக்குக் கூப்பிட்டுக் கேட்டு, அங்குலத்துக்கு இத்தனை முழம் என்று கீழே கோடு போட்டு, வீடு வீடாக வரைந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் உண்மைப் பெயரையே எழுதினாள். பட்டாதான் போய்விட்டது, பெயர் மாயக்கதையிலாவது இருக்கட்டும் என்று. படத்தைப் பார்த்த இம்தாத் திரும்ப அழைத்தார்.

"வடமேற்கு மூலை காலியா கெடக்கே?"

"அங்க கடலைக்காடு, பாய்."

"கடலைக்காட்டை எவன் பார்ப்பான்? ஒரு மலை வைக்கலாம்."

"எங்க ஊர்ல கூழாங்கல்லுகூடக் கிடையாது. மலை வச்சா ஆட்டுக்குட்டிகூடச் சிரிக்கும்."

சரி சரி என்று வைத்துவிட்டு அவர் ஓவியரிடம் சொல்லி மலையைப் போட்டார். கூடவே ஒரு மூலையில் திசைகாட்டும் நட்சத்திரமும். லைலி அச்சான புத்தகத்தில்தான் அதைப் பார்த்தாள். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பிப்ரவரிப் புத்தகச் சந்தையில் முதல் நானூறு பிரதி போகும்வரை ஆற்றில் தண்ணீர் கலங்கியதோடு சரி. ஆயிரத்தில் குழாய்க்கிணறுகளின் கைப்பிடிகள் தலைகாட்டின. பள்ளிக்கூடப் பெண்கள் ஒருத்தி வாங்கி ஒன்பது பேர் படிக்கிறவர்கள் என்பதால் பிறகு கணக்கு நிற்கவில்லை. பதினோராம் நாள் மத்தியானம் ஊர் முழுதும் மேலே இருந்தது, சேறு வழிய. கொய்யா மரங்கள் காயோடு நின்றன. திட்டின் கீழ்முனையில் நான்கு கூர் கொண்ட மணல் நட்சத்திரம் ஒன்று கிடந்தது. படகுக்காரர்கள் இன்றுவரை அதைப் பார்த்துத்தான் வடக்கு அறிகிறார்கள். மலை கருங்கல். பெண்கள் முதலில் போய் அதில் குதிகாலைத் தேய்த்துப் பார்த்தார்கள். அம்மிக்கல் விற்க வரும் படகுக்காரர் அந்த வருடத்தோடு வருவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் மூன்று படகில் நாற்பது தடியாட்களோடு மொத்தாஹர் மியா வந்தார். மாவட்டத்திலிருந்து சர்வேயர் சுபோத் கர்மகாரும் வந்தார், சங்கிலி, முளைக்குச்சி சகிதம். மியா காகிதத்தை விரித்தார். முத்திரையெல்லாம் பளபளவென்று இருந்தது. நூற்று நாற்பத்தாறு குடும்பமும் முழங்கால் சேற்றில் நின்றது. இந்த ஒரு மத்தியானத்தில் மண் போனால் இனி எந்த மத்தியானத்திலும் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். லைலி குனிந்து காகிதத்தைப் பார்த்தாள்.

"சாச்சா, இதுல மலை எங்க இருக்கு?"

"மலையா? அது நேத்து வந்ததும்மா."

"நிலமும் நேத்துதான் வந்துச்சு."

சேற்றில் நின்றவர்கள் சிரித்தார்கள். தடியாட்களிலும் ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் அந்தப் புத்தகம் இருந்திருக்கும். சர்வேயர் சிரிக்கவில்லை. தன் பையைத் திறந்து நாவலை எடுத்தார்.

"எம் பொண்ணு பரீட்சைக்குப் படிக்காம இதையே கட்டிட்டு அழுதா. காலையில புடுங்கிட்டு வந்தேன். இதுல மலை இருக்கு பாருங்க."

"மாயக்கதையை வச்சு நிலம் அளப்பீங்களா சார்?" என்றார் மியா.

"எது பொருந்துதோ அதை வச்சு அளப்பேன். உங்க காகிதத்துல குளம் இருக்கிற எடத்துல இங்க மசூதி நிக்குது, மியா. தொழுறவங்க நீந்திக்கிட்டா தொழுவாங்க?"

மூன்று நாள் அளந்தார். முதல் நாள் மாலையே மியா நாற்காலியைப் படகில் ஏற்றிவிட்டார். கிணற்றுக்குக் கிணறு, வேலிக்கு வேலி, நாவலின் முதல் பக்கம் விரற்கடை பிசகாமல் பொருந்தியது. கொய்யா மரச் சண்டைகள் ஏழு வருடம் கழித்துத் தீர்ந்தன. தோற்றவர்கள் லைலியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சர்வேயரின் படிவத்தில் வயல், வீடு, பாதை, நீர் என்று நாலே வகை இருந்தது. மலைக்கு நேராக அவர் சற்று யோசித்து "வயல், கொஞ்சம் மேடு" என்று எழுதினார். பிறகு ஒரு பாறைமேல் ஏறி நின்று பெயர்களை வாசித்தார். பெயர் கேட்டவர்கள் போய்த் தங்கள் மண்ணில் நின்றார்கள். சிலர் உட்கார்ந்தார்கள். நூற்று நாற்பத்தைந்து பெயர் வாசித்ததும் புத்தகத்தை மூடினார்.

கோஹினூர் மட்டும் தெருவிலேயே நின்றாள்.

லைலி தன் வீட்டை வரையவில்லை. மறதி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவள் ஊரைத் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தபடியே வரைந்தாள். வாசலில் நிற்பவளுக்கு வாசல் தெரியாது. அவர்கள் வீடு இருந்த இடத்தில் ஆறு ஒரு சின்ன வாய்க்காலாக உள்ளே வந்து, அசையாமல், மரியாதையாக நின்றுகொண்டிருந்தது.

"ஊர்ல இருக்கிற திருட்டுப்பயல் வீட்டையெல்லாம் எழுதினியே," என்றாள் கோஹினூர். "பெத்தவ வீட்டை எவ எழுதுவா? ஆட்டுக்கொட்டாயைக்கூட எழுதியிருக்கா பாருங்க, அடுத்தவன் ஆட்டுக்கொட்டாயை."

"அம்மா..."

"பி.ஏ.வாம்."

லைலி சர்வேயரைப் பார்த்தாள். அவர் கையை விரித்தார். "நான் என்னம்மா பண்றது, புத்தகத்துல இருக்கிறதுதான் நிலம். மறுபதிப்பு வந்தா திருத்தம் போட்டுத் தரேன். அதுக்கு விதி இருக்கு."

லைலி மலைமேல் ஏறினாள். அங்கேதான் சிக்னல் கிடைத்தது. இம்தாதிடம் ஒரு வீட்டைச் சேர்க்க வேண்டும் என்றாள். அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. அட்டையில் "திருத்திய பதிப்பு" என்று போடலாம், வாங்கியவர்களே மறுபடி வாங்குவார்கள் என்றார். வேறு ஏதாவது சேர்க்கட்டுமா, ஓர் எரிமலை? வேண்டாம் என்றாள், மூன்று முறை. படத்தைத் திருத்தி எடுத்துக்கொண்டு டாக்காவுக்கே போய், அச்சு இயந்திரம் ஓடி முடியும்வரை ஓவியரைப் பக்கத்தில் அண்டவிடாமல் காவல் நின்றாள்.

இரண்டாம் பதிப்பு சித்திரையில் வந்தது. அதே வாரம் வாய்க்கால் பின்வாங்கி, வீட்டளவு மண் மேலே வந்தது, அடுப்புக் குழி உட்பட. கோஹினூர் நாலு மூலையையும் நடந்து பார்த்தாள். குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாள். பிறகு சமையல்கட்டு நிற்க வேண்டிய பக்கம் போய் நின்றாள்.

"கதவை ஏன் தெக்கே பாத்து வரைஞ்ச? புகையெல்லாம் மூஞ்சியிலதான் அடிக்கும்."

லைலி அடுத்த நாவலின் பதினேழாம் அத்தியாயத்தில் இருந்தாள். தலை நிமிராமலே பதில் சொன்னாள்.

"மூணாம் பதிப்புல மாத்திக்கலாம்மா."

மூன்றாம் பதிப்பு ஆவணியில் வந்தது. கதவு இப்போது கிழக்கே பார்த்திருக்கிறது.