வாங்கியதும் விழுங்கியதும்

வரைபடத்தின் கடைசிக் கம்பம் உயரமாக இருந்தது. குட்டையாக இருந்திருக்க வேண்டும். ஒன்பது நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காரணம் பிடிபடவில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு மாத்திரையும் வராது, நோயாளியும் வரமாட்டார். மருந்துச் சீட்டுகளின் பதிவுகள் மட்டும் வரும். ஏதோ ஒரு கடையில் யாருக்கோ ஒரு பெட்டி மருந்து கொடுத்தால் அது ஒரு வரி. அந்த வரியில் பெயர் இருக்காது. பெயருக்குப் பதில் பன்னிரண்டு இலக்க எண். பிறகு என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எத்தனை நாளுக்கு, எந்தத் தேதி. ஒரு வரியைத் தனியாகப் பார்த்தால் அது வெறும் வரி. கோடி வரிகளை அடுக்கினால், ஊர் எந்த மாதத்தில் இருமுகிறது, எந்த வயதில் தூக்கத்தைத் தொலைக்கிறது என்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். பிடித்திருந்தது என்பது மட்டும் அந்த நாட்களில் ஞாபகமாக இருந்தது.

இந்த முறை எடுத்துக்கொண்டது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு மாத்திரை. இதயத் துடிப்பு தாளம் தப்பியவர்களுக்குக் கொடுப்பது. தாளம் தப்பினால் இதயத்தின் மூலையில் ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பிப் போய் மூளைக் குழாயை அடைத்தால் பக்கவாதம். அதைத் தடுக்கக் காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. ஒரு பெட்டியில் ஐம்பத்தாறு; இருபத்தெட்டு நாளுக்கு வரும்.

ஒருவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று அவரிடம் கேட்காமலேயே கணக்கிடலாம். இருபத்தெட்டு நாளுக்கான பெட்டியை வாங்கியவர் இருபத்தெட்டாம் நாள் மறுபடி வாங்கினால் இடைவெளி இல்லை. நாற்பத்திரண்டாம் நாள் வந்தால், நடுவில் பதினான்கு நாள் அவர் கையில் மருந்து இல்லை. மூன்றில் இரண்டு பங்கு நாட்கள்தான் மருந்தோடு இருந்திருக்கிறார். இப்படி எல்லோரையும் வகை பிரித்து, எந்த வகையில் எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்தது என்று ஆஸ்பத்திரிப் பதிவுகளோடு ஒட்டிப் பார்ப்போம்.

பாதி நாளுக்கும் குறைவாக மருந்து வைத்திருந்தவர்களில், ஒரு வருடத்தில் ஆயிரத்துக்கு நாற்பத்தொரு பேருக்கு வந்திருந்தது. பாதியிலிருந்து எண்பது சதவீதம் வரை இருந்தவர்களில் இருபத்தொன்பது. எண்பதுக்கு மேல் தொண்ணூற்றைந்து வரை, பதினான்கு. இதுவரை மாடிப்படி போல அழகாக இறங்குகிறது. கடைசிப் படி, தொண்ணூற்றைந்துக்கு மேல், அநேகமாக ஒருநாள்கூடத் தவறாதவர்கள். அங்கே இருபத்தேழு.

என் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். எந்த எண்ணையும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இல்லாமல் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

"அந்தக் கடைசிக் கம்பத்தத் தூக்கிடு," என்றார். "பாக்கறவங்க கண்ணுல உறுத்தும்."

"கண்ணுல உறுத்தினா கண்ணையா சார் எடுப்பாங்க?"

"பேச்சுக்குக் கொறச்சல் இல்ல." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "வீட்டுக்குப் போம்மா. அண்ணனுக்கு இப்படி ஆயிருக்கு. மூணே நாள் லீவு எடுத்துட்டு வந்து உக்காந்திருக்கே. உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வரைபடத்துக்கே திரும்பினேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு நாளைக்கு முன் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில், வேலை நடுவில், வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. அவனுக்கும் இதயம் தாளம் தப்பியதுதான். அவனுக்கு எழுதிக் கொடுத்திருந்ததும் நான் ஆராய்ந்துகொண்டிருந்த அதே மாத்திரைதான். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய் பேசுகிறது, ஆனால் எதைச் சொல்ல நினைத்தாலும் வெளியே வருவது ஒரே ஒரு சொல்.

"மாத்திரை தினமும் போட்டீங்களா?" என்று அண்ணி அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டார்.

"சரி," என்றான்.

"போடவே இல்லையா?"

"சரி."

"ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க."

"சரி, சரி."

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த ஒரு வார்த்தைக்குத் தவம் கிடந்தேன். இப்பப் பாரு, மழையாக் கொட்டுது."

அண்ணன் சிரித்தான், பாதி முகத்தால். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். என் கையிலிருந்த டீயை அண்ணி பிடுங்கி மேசையில் வைத்தார். "விரல் செவந்து போச்சு, சுடல?" என்றார். சுட்டிருக்க வேண்டும்.

மாத்திரை தினமும் போட்டானா என்ற அந்தக் கேள்வி நரம்பு டாக்டர் கேட்டது. அவர் விளக்கியது தெளிவாக இருந்தது. இவ்வளவு பெரிய அடைப்பு வந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை உடனே கொடுக்க மாட்டார்கள். இரண்டு வாரம் பொறுத்துத்தான் ஆரம்பிப்பார்கள். அண்ணனுக்கு அந்த நாள் வியாழக்கிழமை.

"ஒழுங்காச் சாப்பிட்டும் கட்டி வந்திருந்தா, இந்த மாத்திரை இவருக்குக் கேக்கலன்னு அர்த்தம்," என்றார் டாக்டர். "வேறதுக்கு மாத்துவேன். அது கொஞ்சம் முரட்டு மருந்து. மூளையில ரத்தம் கசியலாம். சாப்பிடாம விட்டுத்தான் கட்டி வந்துச்சுன்னா, மாத்தக் கூடாது. பழசே போதும். தப்பா முடிவு பண்ணினா ரெண்டு பக்கமும் ஆபத்து. வியாழனுக்குள்ள எது உண்மைன்னு சொல்லுங்க."

மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பார்க்கலாம் என்றால், அதற்கு வழி இல்லை. பெட்டிகள் அண்ணனின் பணிமனை முகவரிக்குத்தான் போகும். அவன் அவற்றை வேலை வண்டியின் டப்பாவில் போட்டுக்கொள்வான். அந்த வண்டியை இப்போது வேறொரு மெக்கானிக் ஓட்டுகிறார். டப்பாவைக் கழுவித் துடைத்துவிட்டார்கள்.

"நான் தினம் கேப்பேன்," என்றார் அண்ணி. "'போட்டாச்சு, போட்டாச்சு'ம்பாரு. ஊர்ல இருக்கறவங்க மாத்திரையெல்லாம் எண்ணறியே, உங்கண்ணன் மாத்திரைய எண்ண முடியாதா உன்னால?"

ஏட்டுச் சுரைக்காய் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தப்பில்லை.

எங்கள் பதிவுகளில் அண்ணனைத் தேட முடியாது. பெயர் கிடையாது, எண்ணைப் பெயராக்க முயல்வது வேலையைவிட்டு அனுப்பும் குற்றம். ஆனால் தன் வரிகளைத் தன் கடையில் கேட்டு வாங்க எந்த நோயாளிக்கும் உரிமை உண்டு. மறுநாள் மத்தியானம் அண்ணியைக் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். அண்ணன் இடது கைக் கட்டைவிரல் ரேகை வைத்த கடிதம் எங்களிடம் இருந்தது.

கடைக்காரம்மா பட்டியலை அச்சடித்துக் கொடுத்தார். எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் அதில் வந்துவிடும். இரண்டு வருடம், இருபத்தைந்து வரிகள். மனதுக்குள்ளேயே பெருக்கி வகுத்தேன். தொண்ணூற்றாறு சதவீதம்.

அண்ணன் என்னுடைய கடைசிக் கம்பத்துக்குள் இருந்தான்.

"பாத்தியா, ஒழுங்காத்தான் வாங்கியிருக்காரு," என்றார் அண்ணி. "அப்ப மருந்துதான் ஏமாத்திடுச்சு."

நான் மேலே இருந்த தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டு நாள். மனிதர்களின் வரிகள் இப்படி இருக்காது. இருபத்தேழு, முப்பத்தொன்று, இருபத்தாறு என்று இருக்கும். மழை பெய்யும், ஊருக்குப் போவார்கள், ஒரு மாத்திரை தரையில் உருண்டு அலமாரிக்கு அடியில் போகும்.

"எப்படி இவ்வளவு கச்சிதமா வந்து வாங்கியிருக்கார்?" என்று கேட்டேன்.

"அவர் எங்கம்மா வந்தார்? இது தானா ஓடற லிஸ்ட்டு. ஒரு தடவ பேரக் குடுத்துட்டா போதும். இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவ, பழைய பெட்டி தீர மூணு நாள் இருக்கும்போதே, மெஷினே லேபிள் அடிச்சு, பெட்டிய எடுத்துப் பையில போட்டுடும். வண்டிக்காரர் கொண்டுபோய்க் குடுத்துடுவார்."

"அவங்க சாப்பிடறாங்களா இல்லையான்னு..."

"அது அவங்கவங்க வாய்க்குத்தான் வெளிச்சம். என் வேலை வாசப்படி வரைக்கும்."

கடைசிக் கம்பத்தின் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. அந்தத் தேதிகளை எழுதியது இயந்திரம். தவறாமல் விழுங்குகிறவரும் ஒன்றுகூட விழுங்காதவரும் அந்தப் பட்டியலில் ஒரே மாதிரி, தொண்ணூற்றாறு சதவீதமாகத் தெரிவார்கள். ஆனால் யார் எந்த ரகம் என்று பிரிக்க அது உதவாது. வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

"மெஷின் என்னைக்காவது மக்கர் பண்ணினா?" சும்மாதான் கேட்டேன்.

கடைக்காரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அத ஏம்மா ஞாபகப்படுத்தறே! போன வருஷம் புது சாஃப்ட்வேர் போடறேன்னு மொத்தக் கடைகளுக்கும் லிஸ்ட்ட முடக்கிட்டாங்க. பதினெட்டு நாள். ஒரு பை போகல. வரிசை தெருமுனை வரைக்கும் நின்னுச்சு. ஒரு பெரியவர், மாத்திரை தீந்து போச்சு, செத்துப்போனா உன் பேர எழுதி வெச்சிட்டுத்தான் சாவேன்னார்."

"லிஸ்ட்ல இருந்த எல்லாருமா வந்தாங்க?"

"வந்தவங்க வந்தாங்க. வராதவங்கள எனக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குத் தெரியாது. பதிவுகளுக்குத் தெரியும்.

அங்கேயே, கடை வாசலில், அண்ணிக்கு விளக்கினேன். என் குரல் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பது போல இருந்தது. இந்த இயந்திரம் பெட்டியை மூன்று நாள் முன்னதாக அனுப்பும். ஆகவே தினமும் விழுங்குகிறவர் கையில், புதுப் பெட்டி வரும் சமயம், அதிகபட்சம் மூன்று நாள் மாத்திரைதான் மிச்சம் இருக்கும். பதினெட்டு நாள் எதுவும் வராவிட்டால் அவருக்குத் தீர்ந்துபோகும். போனில் கத்துவார், கடைக்கு ஓடுவார், கையால் அடித்த ஒரு வரி பதிவில் ஏறும். விழுங்காதவருக்கு ஒன்றும் தீராது. இயந்திரம் நின்றதே அவருக்குத் தெரியாது.

அண்ணி பட்டியலை என் கையிலிருந்து வாங்கினார். விரலால் வரி வரியாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. இரண்டு தேதிகளுக்கு நடுவில் நாற்பத்தைந்து நாள். அண்ணனின் பெட்டி இயந்திரம் நின்ற இரண்டாம் நாள் கிளம்பியிருக்க வேண்டும். பதினேழு நாள் தாமதமாகப் போயிருக்கிறது. நடுவில் கையால் அடித்த வரி இல்லை.

"பதினேழு நாள்," என்றார் அண்ணி. "ஒரு வார்த்தை சொல்லல. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டாரே." பிறகு, "இந்த மாத்திரைய ஆரம்பிச்சதுலேருந்து, கம்பி குத்தினா ரத்தம் நிக்கவே மாட்டேங்குதுன்னு ஒருநாள் சொன்னாரு. துணியச் சுத்திட்டு வந்தாரு. நான்தான், அதெல்லாம் அப்படித்தான் இருக்கும்னேன்," என்றார்.

அவர் அழுதார். நான் அவர் முதுகில் கையை வைத்திருந்தேன். எவ்வளவு அழுத்தமாக வைக்க வேண்டும் என்று தெரியவில்லை.

ஆனால் ஒருவருடைய ஒரு இடைவெளியை வைத்து மருந்தை முடிவு செய்யக் கூடாது. அது தற்செயலாகவும் இருக்கலாம். புதன்கிழமை முழுவதும் அலுவலகத்தில், தானாக ஓடும் பட்டியலில் இருந்தவர்களைப் பிரித்தெடுத்தேன். இயந்திரம் நின்ற முதல் பத்து நாளில் பெட்டி போயிருக்க வேண்டியவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். தினமும் விழுங்கியிருந்தால் அவர்களுக்குத்தான் கட்டாயம் தீர்ந்திருக்கும். இறந்தவர்களையும் ஊர் மாறியவர்களையும் அந்தச் சமயம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களையும் விலக்கினேன். மிஞ்சியது அறுநூற்று நாற்பது பேர். அவர்களில் எந்தக் கடையிலாவது போய்க் கேட்டு வாங்கியவர்கள் முந்நூற்றுத் தொண்ணூற்றொருவர். எங்குமே கேட்காதவர்கள் இருநூற்று நாற்பத்தொன்பது பேர்.

அடுத்த ஒரு வருடத்தில், கேட்டு வாங்கியவர்களில் ஐந்து பேருக்குப் பக்கவாதம். கேட்காதவர்களில் பன்னிரண்டு பேருக்கு.

தசமம் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "ஆயிரத்துக்கு எவ்வளவு?"

"வந்தவங்க பன்னிரண்டு புள்ளி ஏழு எட்டு எட்டு. வராதவங்க நாற்பத்தெட்டு புள்ளி ஒண்ணு ஒம்போது மூணு."

மூன்று இலக்கம் இருந்தும் அவர் அதைப் பாராட்டவில்லை. "அடேயப்பா," என்றார். "கம்பத்துக்குள்ள ரெண்டு ஊரு இருந்திருக்கு." நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கண்ணன் எந்த ஊரு?"

"வராதவங்க."



வியாழக்கிழமை காலை டாக்டர் பட்டியலையும் என் ஒற்றைப் பக்கத்தையும் இரண்டு முறை படித்தார்.

"நூத்துக்கு நூறு சொல்ல முடியுமா?"

"முடியாது, டாக்டர். ஆனா இந்த மாதிரி வராதவங்களுக்கு, மருந்தப் பாதி நாள்கூட வாங்காதவங்களுக்கு வர்ற அளவுக்கு ஸ்ட்ரோக் வருது. இன்னும் கொஞ்சம் கூடத்தான். மாத்திரைய விழுங்கறவங்க கணக்கு இப்படி வராது."

டாக்டர் பேனாவைத் திறந்தார். நான் சொல்லச் சொல்ல அப்படியே குறிப்பில் எழுதச் சொன்னேன். அண்ணனைப் பற்றியதைத் தவிர்த்து, எங்கள் அறிக்கையிலும் அதைத்தான் எழுதியிருந்தேன்.

பெட்டி தானாகப் போகிறவர்களுக்கு, வாங்கிய தேதியை வைத்து எதையும் கணக்கிடக் கூடாது. பெட்டி வராத நாட்களில் கேட்டு வந்தவர் மாத்திரையை விழுங்குகிறவர், கேட்காதவர் விழுங்காதவர் என்றே கொள்ள வேண்டும். என் அண்ணன் கேட்கவில்லை. ஆகவே, நூற்றுக்கு நூறு இல்லாவிட்டாலும், அவன் மாத்திரையை விழுங்கவில்லை, மாத்திரை தோற்கவில்லை, அதை மாற்ற வேண்டியதில்லை. இன்று முதல் அதே மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, பக்கத்தில் ஒருவர் இருந்து விழுங்க வைக்க வேண்டும்.