கோகிலாவின் பாட்டும் பன்னிரண்டாவது நிமிடமும்

எங்கள் வீட்டு ரேடியோ சரியாகப் பன்னிரண்டாவது நிமிடத்தில் அணைந்துவிடும். அதன் விளக்கு மங்கும், ஒரு முனகல் கேட்கும், அவ்வளவுதான். கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல மறுபடியும் பாடும். மெர்டேகா சுதந்திர விழாவைக் கேட்பதற்கென்றே வாங்கியது. ஆகஸ்ட் மாதம் முழுவதும் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டாரமே காது கொடுத்துக் கேட்டது. அக்டோபரில், ஆயுத பூசை முடிந்த கையோடு இந்தக் கூத்து ஆரம்பித்தது.

நான் சேதுராமன், சர்க்கார் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. யாருடைய கோப்பிலும் பிழை கண்டுபிடிப்பவன். ரேடியோவின் கோளாறையும் நானே கண்டுபிடிப்பேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். பிளக்கைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். வயரையும் மாற்றினேன். கடைசியில், பக்கத்து வீட்டில் மலாய் பேசும் செட்டி அம்மாளின் இஸ்திரிப் பெட்டிதான் மின்சாரத்தை இழுக்கிறது என்று முடிவு கட்டி, வேலியோரம் நின்று மலாயில் நியாயம் கேட்டேன். அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கரி கனன்றுகொண்டிருந்தது.

என் மனைவி கோகிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கோலாலம்பூருக்குப் போய் வானொலிக்காக ஒரு பாட்டுப் பாடிவிட்டு வந்திருந்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு, புதுப் பாடகர்களின் அரை மணி நேர நிகழ்ச்சியில் அது வரும். எத்தனையாவது பாட்டு என்று அவர்கள் சொல்லவில்லை. கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் பாடியே வளர்ந்தவள். தன் குரலை ஒரு தடவைகூட வெளியிலிருந்து கேட்டதில்லை.

"எம் பாட்டு மத்தவங்க காதுல எப்படி விழுதுன்னு ஒரே ஒரு தடவ கேக்கணுங்க. எதிர்த்தாப்புல மருதமுத்து அண்ணன் வீட்டு ரேடியோவுல கேட்டுக்கிறனே?" என்றாள்.

"என் வீட்டுல ரேடியோ இருக்கறப்ப அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிறதா?" என்று நான் குதித்தேன்.

ரேடியோவை ரிக்‌ஷாவில் ஏற்றி, ஜாலான் பெண்டஹாராவில் ரேடியோ பழுது பார்க்கும் சிஹாபுதீன் பாயிடம் கொண்டுபோனேன். அவர் பின்பலகையைக் கழற்றித் துண்டின்மேல் பக்குவமாக வைத்தார். ரேடியோ மத்தியானம் முழுக்கப் பாடியது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் பன்னிரண்டாவது நிமிடம், மௌனம். மூன்று முறை இப்படியே நடந்தது.

"கிராணி ஐயா, கடையில நல்லாத்தானே பாடுது லா. உங்க வீட்டுலதான்…" என்று இழுத்தார் பாய்.

"என் வீட்டுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க" என்று பின்பலகையை மறுபடி பொருத்தி முடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். நான்தான் அழைத்திருந்தேன். சண்டையை மறந்து செட்டி அம்மாளும் வந்திருந்தார். பாயும் அவர் மனைவி நூர்ஜஹானும் வந்திருந்தார்கள். பத்து மணிக்குத் திருகினேன். இரண்டு பேர் பாடினார்கள். மூன்றாவது ஆள் பாதியில் இருக்கும்போது விளக்கு மங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்சார இலாகாவைத் திட்ட ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் கோகிலா. பிறகு பாயின் பக்கம் திரும்பினாள். "பாய், உங்களுக்கு என்னமோ தெரியும். சொல்லுங்க."

பாய் நெளிந்தார். "தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. பின்பலகையில இருக்கறது சூடு வெளிய போற ஓட்டைங்க. ஐயா அத்தனையையும் சந்தனத்தால அடைச்சு வெச்சிருக்காரு. சாமி காரியம், நாம தொடறது மொறையில்லேன்னு வாயத் தொறக்கல. கடையில பலகையக் கழட்டிட்டேன், அதான் பாடுச்சு."

கோகிலா ரேடியோவைத் திருப்பினாள். நாற்பத்தெட்டுத் துவாரம், நாற்பத்தெட்டுச் சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். வரிசை கோடு பிசகவில்லை. ஆயுத பூசையன்று நானே வைத்தது. வேறு யாரையும் தொட விடாமல், வெள்ளிக்கிழமை தவறாமல் புதுப்பித்தும் வந்தேன். முதலில் சிரித்தது செட்டி அம்மாள். அதற்கப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

கோகிலா பலகையைக் கழற்றி வீசினாள். முறத்தை எடுத்து விசிறினாள். நூர்ஜஹான் முக்காட்டு நுனியால் விசிறினாள். மணி பத்து இருபது. பத்து இருபத்திரண்டு. கோகிலாவின் கை நிற்கவே இல்லை. பத்து இருபத்து நான்குக்கு விளக்கு மெல்ல எரிந்தது.

"அடுத்துப் பாடுபவர், மலாக்கா கோகிலா சேதுராமன்" என்றார் அறிவிப்பாளர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "வந்துடுச்சு! ஷ்! யாரும் மூச்சு விடக்கூடாது! பாய், சத்தத்தக் கூட்டுங்க! கேட்டீங்களா, இந்த எடத்த எப்படி எடுக்கறா பாருங்க! நம்ம வீட்டுக் குரல் ஐயா இது! ஷ், பேசாதீங்கன்னு சொன்னேன்ல! இதோ, மேல போகப் போறா, கவனிங்க, கவனிங்க!"

வேறு யாரும் வாயே திறக்கவில்லை என்பது பாட்டு முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கோகிலா ரேடியோவோடு காதை ஒட்டி வைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். முறம் மடியில் கிடந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "பாட்டு முழுக்க உங்க சத்தந்தான் கேட்டுச்சு."

வெட்கத்தில் காது சுட்டது. அவள் மடியிலிருந்த முறத்தை எடுத்து நான் விசிற ஆரம்பித்தேன். ரேடியோ அடுத்தவரின் பாட்டைத் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தது.